நாலாம் நம்பர்

அத்தியாயம் 9

போன வாரம் சின்னவளை மைதானத்து கேட் வாசலில் தனியாக நிற்க விட்டுவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பயிற்சி. ஏழேகால் ஆயிற்று, ஏழரை ஆயிற்று, ஈ காக்கை இல்லை. கடைசியில் வாட்ச்மேன்தான் வந்து விஷயத்தைச் சொன்னார்.

"ஒன்பது மணிக்கு மாத்திட்டாங்களேம்மா. நேத்தே உங்க கேப்டன் என்கிட்ட சாவிக்குச் சொல்லிட்டுப் போச்சு. உனக்கு யாரும் சொல்லலையா?"

"மறந்திருப்பாங்க" என்றாள் சின்னவள்.

யாரும் மறக்கவில்லை. அவள் இல்லாமல் ஒரு புது வாட்ஸ்அப் குரூப் ஓடுகிறது. அது அவளுக்குத் தெரியும். பழைய குரூப்பில் கடைசியாக வந்தது மூன்று வாரத்துக்கு முன் அவள் போட்ட "ஸாரி". பதினோரு பேரும் அதைப் பார்த்திருந்தார்கள். ஒருத்திகூட பதில் போடவில்லை.

இந்த வீட்டுக்குள் புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சின்னவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை போக மீதி நேரமெல்லாம் பெண்கள் வாலிபால் டீமுக்குக் கோச். சின்னவள் அந்த டீமின் செட்டர், அதாவது அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். அவளுக்கு முன் அந்த இடத்தில் ஆடியவள் அவளுடைய அக்கா. இரண்டு வருடத்துக்கு முன், சீசன் பாதியில், வேறு ஊரில் வேலை கிடைத்துப் பெரியவள் கிளம்பிப் போனாள். "போறவ போகட்டும். இனிமே எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார் அப்பா. மனிதர் சொன்னால் சொன்னதுதான். அதோடு பேச்சு நின்றது.

இனி மூன்று வாரத்துக்கு முன் நடந்தது.

வாலிபாலில் சர்வீஸ் போட வரிசை உண்டு. ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் ஆறு பேருடைய ஜெர்சி நம்பரையும் கோச் ஒரு சீட்டில் கார்பன் வைத்து வரிசையாக எழுதி, நகலைத் தான் வைத்துக்கொண்டு, சீட்டை நடுவரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. அன்று ஐந்தாவது செட்டுக்குப் பெண்கள் வழக்கம் போல் நின்றார்கள். நடுவர் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சின்னவளும் கேப்டனும் இடம் மாறி நிற்க வேண்டும் என்றார். பெண்கள் கோச்சைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சீட்டுல இருக்கிற மாதிரியே நில்லுங்க" என்றார் கோச். ஏதோ புதுத் திட்டமாக்கும் என்று நினைத்து நின்றார்கள்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. சர்வீஸ் போட வேண்டியது கேப்டன். அவள் பழக்கத்தில் பந்தைச் சின்னவளிடம் தள்ளிவிட்டாள். சின்னவளும் பழக்கத்தில் எடுத்துப் போட்டாள். அருமையான சர்வீஸ். எதிர்ப்பக்கம் யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தது. எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது விசில் ஊதினார்கள். வரிசை தப்பிவிட்டது, பாயின்ட் எதிர் டீமுக்கு. அதற்கடுத்த பாயின்டோடு ஆட்டமே முடிந்தது.

அன்று ஜெயித்திருந்தால் முதல் பிரிவில் நிம்மதியாக இருந்திருக்கலாம். தோற்றதால், இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்த டீமோடு இன்று சாயங்காலம் மோத வேண்டும். இதிலும் தோற்றால் கீழே இறக்கிவிடுவார்கள்.

கோச் சொன்ன வரிசையைக்கூட மண்டையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று டீமில் முடிவாகிவிட்டது. கேப்டனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நேராகக் கோச்சிடமே போய், "இவ வேணாம் கோச். புதுசா சேர்ந்தவளையே செட்டரா இறக்குங்க" என்று கேட்டிருந்தாள். கோச் "பார்க்கலாம்" என்றார். "என் பொண்ணு மேல தப்பில்லை" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

*

ஒன்பது மணிப் பயிற்சிக்குக் காத்திருக்கச் சின்னவளுக்கு மனமில்லை. வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

கதவு திறந்தே இருந்தது. பின்பக்கத்தில் தண்ணீர் விழும் சத்தமும் அம்மாவின் பேச்சும் கேட்டன. அம்மாவுக்குச் சலவைக் கடையில் வேலை. ஆறு நாள் ஊரார் துணி, ஏழாவது நாள் வீட்டுத் துணி. இன்று பயிற்சிக்குக்கூடப் போக முடியாமல் அப்பா காலையிலேயே ஒரு லிஃப்ட்டைப் பார்க்கப் போயிருந்தார். இப்படி ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை வந்தால் அம்மாவுக்குக் கொண்டாட்டம்தான். பெரியவளுக்குப் போன் போட்டுவிடுவாள். கை சோப்பாக இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு, பாதி ஊருக்குக் கேட்கும்படி ரகசியம் பேசுவாள்.

"இன்னொரு கூத்து கேளு. உங்கப்பா பேன்ட் பாக்கெட்ல ஒரு சீட்டு. போன வாரம் எடுத்து அலமாரி மேல வச்சேன். அடுத்த பேன்ட்டைத் துவைக்க எடுத்தா அதுலயும் இருக்கு. இன்னிக்கு மூணாவது பேன்ட். கட்டிக்கிட்டவளை மாதிரி கூடவே வச்சுக்கிட்டுச் சுத்துறார்."

"என்ன சீட்டும்மா?" ஸ்பீக்கரில் பெரியவளின் குரல்.

"என்னமோ நம்பரா இருக்கு. கார்பன் வச்சு எழுதினது. லிஃப்ட் சாமான் ஏதாவதா இருக்கும்."

"படி, பார்க்கலாம்."

"மேல அஞ்சாவது செட்னு போட்டிருக்கு. கீழ நாலு. ஏழு. ரெண்டு. பதினொண்ணு. ஆறு. ஒன்பது. அப்புறம் அவர் கையெழுத்து."

குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"லைன்ல இருக்கியாடி?"

"இருக்கேன்மா." குரல் மாறியிருந்தது. "அது நான் ஆடினப்போ இருந்த வரிசைம்மா."

"நாலு நீதானே?"

"அப்போ நான். நெட்டை அப்போ பதினொண்ணு. நான் போனதும் என் ஜெர்சியை அவ எடுத்துக்கிட்டா. இப்போ செட்டர் தங்கச்சி, அவ பதினொண்ணு. முதல்ல பதினொண்ணு வரணும், நாலாவதா நாலு வரணும். அப்பா தலைகீழா எழுதியிருக்கார்."

"தப்பா எழுதிட்டாரா?"

"தப்புதான். ஆனா என்னை எழுதியிருக்கார்மா" என்று சொன்ன பெரியவள் அழுதுவிட்டாள். இரண்டு வருடமாக அழாமல் சேர்த்து வைத்த அழுகை.

சின்னவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஒரு கால் ஷூவைக் கழற்றியிருந்தாள், இன்னொன்று காலிலேயே இருந்தது.

அந்தத் தோல்வி தன்னால் வரவில்லை என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டதுபோல் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் இன்னொரு ஷூவைக் கழற்றுகிற நேரம்கூட நிற்கவில்லை. இரண்டு வருடமாக அந்த இடத்தில் ஆடுகிறவள் அவள். கை விரல் இரண்டு முறை பிசகியும் ஆடியவள். ஜெயமா தோல்வியா என்று வந்த நேரத்தில் அப்பா சீட்டில் எழுதியது அக்காவை.

அம்மா திரும்பியவள் திடுக்கிட்டுப் போனை முழங்கையால் தள்ளி அணைத்தாள்.

"நீ எப்போ வந்தே?"

"இப்பதான்."

"கேட்டியா?"

"கேட்டேன்."

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். "வரட்டும் அந்த மனுஷன். மூணு வாரமா பெத்த பொண்ணை ஊர் பேச விட்டுட்டு, வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருந்திருக்காரே! இன்னிக்கு நான் கேக்கிற கேள்வியில…"

"நீ கேக்காதே. சீட்டைக் காய வச்சு, சாயங்காலம் அவர் போட்டுக்கிற பேன்ட் பாக்கெட்லயே வச்சுடு."

"ஏன்டி?"

"அவரா சொல்லட்டும்மா. நாம கேட்டு அவர் சொன்னா அதுக்கு என்ன மரியாதை?"

"அவராவது, சொல்றதாவது" என்றாள் அம்மா. பாவம், முப்பது வருட அனுபவம்.

*

அதே நேரத்தில் அப்பா ஒரு ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில் இருந்தார். காலையில் லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிட்டது. உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, அந்த வரைக்கும் புண்ணியம். கதவு ஓடுகிற ரோலர் தேய்ந்திருந்தது. மாற்றிவிட்டார்.

மெஷின் ரூமில் அவருக்குத் துணை ஒரு மோட்டாரும் ஒரு பல்பும்தான். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். முன்பெல்லாம் வேலை செய்துகொண்டே பெரியவளுக்குப் போன் போட்டு, நேற்றைய ஆட்டத்தை ஒவ்வொரு பாயின்டாகப் பேசுவார். இப்போது யாரிடமும் பேசுவதில்லை. சின்னவளிடம் பேசலாம்தான். ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பாக்கெட்டில் வைத்துச் சுமக்கிற சீட்டு ஞாபகம் வந்துவிடுகிறது.

வேலை முடிந்ததும் சுவரில் தொங்கிய அட்டையை எடுத்தார். ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஒரு அட்டை உண்டு. என்ன கோளாறு, யார் பார்த்தது, என்ன செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "ரோலர் தேய்மானம். மாற்றப்பட்டது" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அடுத்த வரியில், "சென்ற மாதம் சோதித்தபோது நான் கவனிக்கத் தவறியது" என்று சேர்த்தார்.

கட்டட மேனேஜர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இதையெல்லாமா சார் எழுதுவாங்க? பழசாயிடுச்சுன்னு போட்டுட்டுப் போங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எழுதலைன்னா அடுத்து வர்றவன் வேற எங்கயோ தப்பைத் தேடுவான். நல்லா இருக்கிறதைக் கழட்டிப் போட்டுடுவான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. அட்டையை மாட்டிவிட்டு, ஏழு மாடியும் படியில் இறங்கினார்.

*

சாயங்காலம் மூன்றரை மணி. கேலரியில் பாதிக்கு மேல் கூட்டம்.

ஏழு மாடி இறங்கியபோது இருந்த தைரியம், வீட்டுக்குப் போய்ப் பேன்ட் மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்ததும் அப்பாவுக்குப் போய்விட்டது. பதினோரு பெண்கள் சுற்றி நிற்கும்போது கோச் எப்படித் தன் வாயால் தன் தப்பைச் சொல்வது? சொன்னாலும், ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்பார்களே. ஒரே பொண்ணு, ஒரே பொண்ணு என்று ஊரெல்லாம் சொன்ன வாய் அதற்கு என்ன பதில் சொல்லும்? முதல் செட்டுக்குப் புதியவளைச் செட்டராக எழுதிக் கொடுத்துவிட்டார்.

சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கும் மற்ற மாற்று ஆட்டக்காரிகளுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடைவெளி இருந்தது. யாரும் நகர்ந்து உட்காரவில்லை.

புதியவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நெட்டைக்கு எந்த உயரத்தில் பந்து வேண்டும் என்று அவளுக்கு இன்னும் கை பழகவில்லை. நெட்டை மூன்று முறை காற்றை அடித்தாள். இருபத்தைந்துக்குப் பதினாலு. செட் போய்விட்டது.

இடைவேளை. அப்பா சீட்டுப் புத்தகத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பேனா நகரவில்லை.

"அப்பா" என்றாள் சின்னவள்.

மைதானத்துக்குள் அவள் அவரை அப்படிக் கூப்பிடுவதே இல்லை. கோச் என்றுதான் சொல்வாள். அதுவும் அவர் போட்ட சட்டம்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரை வேணா எழுதுங்க. எனக்கு அது பிரச்சினை இல்லை. ஆனா இப்போ ஆடறவங்களை எழுதுங்க."

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் கத்தவுமில்லை, அழவுமில்லை. தன் பக்கத்தில் இருந்த அந்த ஒரு ஆள் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா எழுந்து போய்ப் பெண்களுக்கு நடுவில் நின்றார். பாக்கெட்டிலிருந்து, சோப்பு வாசனை அடித்த ஒரு கார்பன் தாளை எடுத்து நெட்டையிடம் நீட்டினார்.

"போன மேட்ச் அஞ்சாவது செட் சீட்டு. படி."

நெட்டை படித்தாள். ஒரு முறை படித்துவிட்டு மறுபடி படித்தாள். "இது பழைய வரிசையாச்சே கோச்."

"ஆமா. கை தவறி எழுதிட்டேன். நடுவர் சொன்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது. திட்டம் மாதிரி நடிச்சேன். அன்னிக்குத் தோத்தது என்னால. அவளால இல்லை."

அவர் எதிர்பார்த்ததுபோல் யாரும் "பரவாயில்லை கோச்" என்று சொல்லவில்லை. நெட்டையின் முகம் சிவந்தது.

"மூணு வாரமா நாங்க அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முன்னால் ஐம்பத்தாறு வயது மனிதர் அப்படி நின்றதைப் பெஞ்சிலிருந்து சின்னவள் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

நெட்டை நேராகப் பெஞ்சுக்கு வந்தாள். "அன்னிக்குப் பந்தை உன்கிட்ட தள்ளினதே நான்தான்டி. எனக்கு அது ஞாபகம் இருந்துச்சு. ஆனா சொல்லலை." வேறென்ன சொல்வது என்று தெரியாமல், "எந்திரி. எனக்குப் பந்து வேணும்" என்றாள்.

இரண்டாவது செட் சீட்டில் முதல் நம்பர் பதினொண்ணு.

நடந்ததைப் பாயின்ட் பாயின்டாகச் சொன்னால் பக்கம் போதாது. இரண்டாவது செட்டை ஜெயித்தார்கள். மூன்றாவதை ஜெயிக்கிற வரைக்கும் கொண்டுவந்து கோட்டை விட்டார்கள். நாலாவதில் எட்டு பாயின்ட் பின்னால் இருந்து எழுந்து வந்து ஜெயித்தார்கள். இந்தக் கலாட்டாவில் அவர்களே ஒரு வழக்கம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் யாருடைய முறை என்று ஆறு பேரும் சேர்ந்து நம்பரைக் கத்தினார்கள். கோச்சை நம்பி இனிப் பிரயோஜனமில்லை என்று நெட்டை சொன்னாளாம். ஐந்தாவது செட்டில் பதின்மூன்றுக்குப் பதினொன்றில், "பதினொண்ணு!" என்று ஐந்து குரல் கத்தியது. சின்னவள் பந்தை எடுத்தாள். அவளே இரண்டு சர்வீஸையும் போட்டு ஆட்டத்தை முடித்தாள்.

கேலரி எழுந்து நின்றது. எல்லோரும் அவளைத் தூக்கினார்கள், கட்டிப்பிடித்தார்கள். அவளும் கட்டிப்பிடித்தாள். ஆனால் மூன்று வாரம் வாசலில் நிறுத்தப்பட்டவளுக்கு, கதவைத் திறந்ததும் உள்ளே ஓடிவர முடியவில்லை. "டீ குடிக்கப் போறோம், வாடி" என்றாள் நெட்டை. "நீங்க போங்க, வர்றேன்" என்றாள். அவள் போகப் போவதில்லை.

*

ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்தில் அப்பா வண்டியைக் கிளப்பாமல் நின்றுகொண்டிருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"நல்லா ஆடினே" என்றார்.

"கை தவறித்தான் எழுதினீங்களா?"

சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். விழுங்கிவிட்டார்.

"இல்லை. அஞ்சாவது செட்னதும் பயம் வந்துடுச்சு. பயத்துல கை தானா அதை எழுதிடுச்சு. அவ ஆடினப்போ அஞ்சாவது செட்னா எனக்குப் பயமே இருக்காது."

உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டவள் அவள்தான். கிடைத்த உண்மை வலித்தது.

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் பயம்தான். ஆனா உன்னைத்தான் எழுதினேன்."

சின்னவள் கையிலிருந்த ஹெல்மெட்டை ஸ்கூட்டர் மேல் வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"அக்கா ஞாபகம் வந்தா அக்காவுக்குப் போன் பண்ணுங்கப்பா. என் சீட்டுல அவளைத் தேடாதீங்க."

கண்ணாடி போடாமலேயே, ஒரு எண்ணையும் தேடாமல், அப்பா பத்து எண்களையும் அழுத்தினார். இரண்டு வருடமாக ஒரு தடவைகூடப் போடாத நம்பர்.

மணி அடித்தது. எடுத்தது பெரியவள் இல்லை, வேறொரு பெண்.

"அவங்க இல்லைங்க. போனை சார்ஜ்லயே விட்டுட்டு ஓடிட்டாங்க. நான் ரூம்ல கூட இருக்கிறவ. நீங்க யாரு பேசறது?"

அப்பா சின்னவளை ஒரு தரம் பார்த்தார்.

"நான்… அவளோட அப்பா."

"அப்பாவா? அவங்க உங்களைப் பார்க்கத்தானே வந்தாங்க! காலைல போன் பேசிட்டு அழுதாங்க. எங்கப்பா டீம் இன்னிக்கு ஆடுது, போய்ப் பார்க்கணும்னு பத்து மணி பஸ்ஸைப் பிடிச்சாங்க. மூணு மணி நேரம்தானே ஆகும். இன்னும் வந்து சேரலையா?"

மணி ஆறே முக்கால். அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே திரும்பிக் கேலரியைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.